கார்பி ஊரின் கதை என்ன? எஃகு ஆலை, ஸ்காட்லாந்துக்காரர்கள், தெருவுக்கு முதுகு காட்டும் வீடுகள்

வீடுதேடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாறி இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயர் பக்கம் போகிறோம். லண்டனில் வாடகைக்குக் கொடுக்கிற காசில் கார்பியில் கடன் கட்டிச் சொந்த வீடே வாங்கிவிடலாம் போலிருக்கிறது, அதனால் கொஞ்ச நாளாக அங்கே வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் வீட்டைவிட ஊர்தான் எனக்குப் புதிராக இருக்கிறது.

சுற்றிலும் பழைய ஆங்கிலக் கிராமங்கள், பழுப்புக் கல் வீடுகள், பக்கத்துக் குன்றின் மேல் ராக்கிங்ஹாம் கோட்டை. நடுவில் இது மட்டும் ஒரே கையால் ஒரே காலத்தில் கட்டியது போல நிற்கிறது. கடைகளில் வயதானவர்கள் பேசுவது அப்படியே கிளாஸ்கோ பேச்சு, ஆனால் ஸ்காட்லாந்து எல்லை இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். கிங்ஸ்வுட் பகுதியில் பார்த்த வீட்டுக்கு முன்வாசல் புல்வெளியைப் பார்த்து இருக்கிறது, காரை விட வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இன்னொன்று 1930களின் செங்கல் வீடு, அதைக் "கம்பெனி கட்டியது" என்று தரகர் பெருமையாகச் சொன்னார். எந்தக் கம்பெனி, ஏன் கட்டியது என்று கேட்டால் "எஃகு ஆலை, தாட்சர் மூடிவிட்டார்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

யாருக்காவது இந்த ஊரின் கதை தெரிந்தால் எழுதுங்கள். ஏன் ஸ்காட்லாந்து, ஏன் இந்த மாதிரி வீடுகள், ஆலையை மூடியது உண்மையில் யார்? வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உலைக்கூடம் எழுதியது:

உலோகத் துறையில் காலம் தள்ளியவன் என்பதால் மண்ணில் இருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளும்.

அந்த ஊருக்கு அடியில் இருப்பது இரும்புத்தாது. நிறைய இருக்கிறது, ஆனால் மட்டமான சரக்கு. இரும்பு 30 சதவீதம் அளவுக்குத்தான் தேறும், பாஸ்பரஸ் அதிகம். பாஸ்பரஸ் கலந்த எஃகு நொறுங்கும். 1870களின் கடைசியில் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்பவர் உலையின் உட்சுவரையே மாற்றி, சுண்ணாம்பையும் சேர்த்து, பாஸ்பரஸ் முழுவதும் கசடோடு போய்விடும்படி செய்தார். அந்தக் கசடை அரைத்தால் வயலுக்கு நல்ல உரம், அது தனி வருமானம். கண்டுபிடித்தவர் பிரிட்டிஷ்காரர், ஆனால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஜெர்மனி, பெல்ஜியம் பக்கத்து ஆட்கள். அந்த எஃகில் மலிவாகக் குழாய் செய்து பிரிட்டிஷ் கம்பெனிகளின் சந்தையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

கார்பியில் 1880களிலேயே தாது தோண்டத் தொடங்கிவிட்டார்கள், 1910இல் தாதுவை உருக்கி இரும்பு எடுக்கிற ஊதுலையும் வந்தது. அப்படியும் 1930களின் தொடக்கம் வரை அது 1,500 பேர் வசித்த கிராமம்தான். ஊரைப் புரட்டிப் போட்டது ஸ்டூவர்ட்ஸ் அண்ட் லாய்ட்ஸ். ஸ்காட்லாந்துக் குழாய்க் கம்பெனி ஒன்றும் பர்மிங்காம் குழாய்க் கம்பெனி ஒன்றும் 1903இல் சேர்ந்து உருவான நிறுவனம் அது. தாது கிடைக்கும் இடத்திலேயே ஊதுலை, எஃகு உலை, குழாய் ஆலை மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்து, ஐரோப்பாக்காரர்களின் அதே தாமஸ் முறையிலேயே செய்து அவர்களை அடிப்பது என்று 1932இல் முடிவெடுத்தார்கள். அதே வருடம் பிரிட்டன் இறக்குமதி எஃகின் மீது வரி போட்டதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று புரியும். முதல் எஃகு வார்த்தது 1935இல்.

ஆட்களுக்கு எங்கே போவது? நார்தாம்டன்ஷயர் செருப்பு, பூட்ஸ் தைக்கிற மாவட்டம், உலை முன்னால் நிற்கத் தெரிந்தவர்கள் அங்கே அதிகம் இல்லை. கம்பெனியின் பழைய ஆலைகளோ கிளாஸ்கோவைச் சுற்றி இருந்தன, அந்தக் கிளைட் ஆற்றுப் பக்கத்தில் பெருமந்தத்தில் வேலையே இல்லை. அங்கிருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக இங்கே கொண்டுவந்தார்கள். போர் தொடங்கும்போது ஊரில் ஏறக்குறைய 12,000 பேர். தரகர் சொன்ன "கம்பெனி வீடு" அந்த நேரத்தில் கட்டியது, வந்து இறங்குகிறவர்களுக்குக் கூரை வேண்டும் என்பதால் கம்பெனி தானே கட்டிக்கொண்டது. போருக்குப் பிறகும் வரவு நிற்கவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கில்கூட ஊரில் 18.9 சதவீதம் பேர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளின் பேச்சிலும் அந்தச் சாயல் ஒட்டிக்கொண்டது. நீங்கள் கேட்டது அதைத்தான்.

போர்க்காலத்தில் இந்த ஆலைக்கு ஒரு பெருமை உண்டு. நார்மண்டியில் படை இறங்கிய பிறகு ஆங்கிலக் கால்வாய்க் கடலுக்கு அடியில் பெட்ரோல் அனுப்பப் போட்ட புளூட்டோ குழாய்களில், எஃகுக் குழாய் வகைக்குக் கார்பிக் குழாய்கள்தான் போயின.

இனி "தாட்சர் மூடினார்". பாதி உண்மை என்றுகூடச் சொல்ல மாட்டேன், கால் உண்மை. 1967இல் ஆலை தேசியமயமாகி பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற அரசாங்கக் கம்பெனி கையில் போனது. வெளிநாட்டுத் தாதுவில் இரும்பு 60 சதவீதத்துக்கு மேல், பெரிய கப்பல்களில் மலிவாகத் துறைமுகத்துக்கே வந்துவிடுகிறது. கார்பி கடலை விட்டு உள்ளே இருக்கிறது, காலடியில் இருப்பதோ 30 சதவீதச் சரக்கு, அதற்கு மேலே இருக்கிற மண்ணை அள்ளவே பூதம் போன்ற இயந்திரம் வேண்டும். 1973இல் தெற்கு வேல்ஸ், ஷெஃபீல்டு, ஸ்கன்தார்ப், டீஸைடு, ஸ்காட்லாந்து என்று ஐந்து வட்டாரங்களில் எஃகைக் குவிப்பது என்ற திட்டம் வந்தது, கார்பி அதில் இல்லை. 1975இல் இங்கே எஃகு உருக்குவதைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் ஒப்புக்கொண்டது, அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. எந்தத் தாதுவை நம்பி ஊர் பிறந்ததோ அதே தாதுதான் அதை முடித்து வைத்தது என்பது என் கருத்து. பிரதமர் யாராக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறியிருக்காது.

தெற்குமாடம் எழுதியது:

உலைக்கூடம் ஐயா, தாது பற்றிச் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கடைசிப் பத்தியில் ஆட்களைக் காணோம்.

மூடுவது என்ற எண்ணம் பழையது, ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு வேகமாக மூடுவது என்பது தனி முடிவு, அதை எடுத்தவர்கள் 1979 மே மாதம் ஆட்சிக்கு வந்த தாட்சர் அரசாங்கத்தினர். 1980க்குள் நட்டமில்லாமல் ஓட வேண்டும் என்று பிரிட்டிஷ் ஸ்டீலுக்குக் கெடு வைத்தார்கள். அதே 1979 நவம்பரில் கார்பியில் இரும்பும் எஃகும் நிற்கப் போவதாக முறைப்படி அறிவிப்பு வந்தது. 1980 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாடு முழுக்க 13 வாரம் எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம், அது முடிந்த கையோடு கார்பியின் உலைகளும் அணைந்தன. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை, ரோசாக் என்று ஒரு போராட்டக் குழு வைத்து லண்டன் வரை ஊர்வலம் போனார்கள். 1981 கடைசிக்குள் 5,000 வேலைக்கு மேல் போயிற்று, அடுத்தடுத்த வெட்டில் மொத்தம் 11,000. வேலையில்லாதவர் விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டியது. பிஞ்சு முதல் பெரியவர் வரை எண்ணினாலே 50,000 பேர் உள்ள ஊர் அது!

பத்து வருடத்தில் இறக்க வேண்டிய சுமையை ஒன்றிரண்டு வருடத்தில் தலையில் போட்டதற்கும் தாதுவில் இருந்த பாஸ்பரஸுக்கும் என்ன சம்பந்தம்?

உலைக்கூடம் எழுதியது:

வேகம் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வேல்ஸில் இருந்த கார்டிஃப் ஈஸ்ட் மூர்ஸ், எப் வேல் ஆலைகள் இரண்டிலும் எஃகு உருக்குவது நின்றது 1978இல், தொழிற்கட்சி ஆட்சியில். கார்பி அந்த வரிசையில் வந்த ஊர்.

எனக்கு வேறொரு கோபம் உண்டு, அது இரண்டு கட்சி மீதும். 1950இல் புது நகரம் என்று அறிவித்துவிட்டு முப்பது வருடம் வீடு வீடாகக் கட்டிக்கொண்டே போனார்கள், ஆண்களுக்கு எஃகைத் தவிர வேறு பெரிய வேலை என்று ஒன்றை அங்கே கொண்டுவந்து நிறுத்தவில்லை. பெண்களுக்கு ஆடை தைக்கிற ஆலை, தின்பண்ட ஆலை என்று ஏதோ வந்தது. ஆண் என்றால் உலைக்கோ குழாய் ஆலைக்கோ போக வேண்டியதுதான். 1975இல் மூடும் திட்டத்துக்குத் தலையாட்டியவர்களுக்கு ஐந்து வருடம் கையில் இருந்ததே, அதில் என்ன செய்தார்கள்?

இன்னொன்று, "ஆலை மூடியது" என்று எல்லோரும் சொல்வதில் ஒரு பிழை. நின்றது இரும்பும் எஃகும்தான், குழாய் ஆலை நிற்கவில்லை. டீஸைடில் இருந்து எஃகுச் சுருளை ரயிலில் கொண்டுவந்து இங்கே குழாயாக்கினார்கள். 1999இல் அது கோரஸ் என்ற கம்பெனி ஆனது, 2007இல் டாட்டா ஸ்டீல் வாங்கியது. ஜாம்ஷெட்பூர் கம்பெனியின் பலகை நார்தாம்டன்ஷயரில் நிற்பது அப்படித்தான்.

செங்கல்சூளை எழுதியது:

வீடு பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன், கட்டடத் துறைதான்.

கார்பியில் நடந்து பார்த்தால் யார் காசில் எந்தக் காலத்தில் கட்டியது என்று வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதலில் 1930களின் கம்பெனி வீடுகள். செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, இரட்டை வீடாகவோ நாலைந்து சேர்ந்த வரிசையாகவோ, முன்னால் சின்னத் தோட்டம், பின்னால் காய்கறி போடுகிற அளவுக்கு நிலம். அப்போதைய தோட்ட நகரப் பாணியின் சிக்கன வடிவம் என்று சொல்லலாம். பணக்கார வீடில்லை, ஆனால் கட்டியவர்கள் மோசம் செய்யவில்லை. பிரச்சினை வேறு மாதிரியானது. வேலை கொடுப்பவனும் வீட்டுக்காரனும் ஒரே ஆள், சம்பளத்துக்குச் சண்டை போடும்போது வாடகையும் நினைவுக்கு வரும் இல்லையா.

போர் முடிந்ததும் ஆலை பெருகுகிறது, வீடு போதவில்லை. 1946இல் புது நகரங்கள் சட்டம் வந்தது. அதன்படி 1950 வரை பிரிட்டனில் 14 ஊர்களை அறிவித்தார்கள், அதில் எட்டு லண்டன் கூட்டத்தைப் பிரித்து வைக்க லண்டனைச் சுற்றி வந்தவை. கார்பி அந்த 14இல் கடைசி, 1950 ஏப்ரல் 1. லண்டனோடு இதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது, ஏற்கெனவே இருக்கிற ஆலைக்கு ஒரு ஊரை ஒழுங்காகக் கட்டித் தருவதுதான் நோக்கம். வளர்ச்சிக் கழகம் என்று தனி அமைப்பு, நிலம் எடுக்கும் அதிகாரம், அரசாங்கக் கடன். திட்டம் போட்டவர்கள் வில்லியம் ஹோல்ஃபோர்டும் மைல்ஸ் ரைட்டும். 40,000 பேருக்கு என்று ஆரம்பித்தார்கள், பிறகு எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே போனார்கள். ஆலை கிழக்கில் இருந்தது, குடியிருப்பு மேற்கு நோக்கி வளர்ந்தது. இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் மேற்கில் இருந்துதான் என்பதால் இது நல்ல ஏற்பாடு, ஆனால் ஆலையை ஒட்டியிருந்த பழைய தெருக்களுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை.

இனி நீங்கள் கேட்ட முதுகு காட்டுகிற வீடு. 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்று ஒரு குடியிருப்பு தொடங்கினார்கள். காரையும் நடக்கிறவர்களையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவது அதன் யோசனை: வீட்டின் முன்பக்கம் பாதையும் புல்லும், குழந்தைகள் ரோட்டைக் கடக்காமலே பள்ளிக்கூடம் போகலாம், கார் பின்பக்கமாக வரும். 1960களில் தொழிலாளிகளும் கார் வாங்கத் தொடங்கியபோது பிரிட்டிஷ் திட்டக்காரர்களுக்கு இது பெரிய தீர்வாகத் தெரிந்தது, கிங்ஸ்வுட் அந்த நம்பிக்கையில் பிறந்தது. காகிதத்தில் அழகு. நடைமுறையில் எல்லோரும் காரை விட்டுப் பின்கதவு வழியாகத்தான் உள்ளே போனார்கள், முன்வாசலுக்கு வேலையில்லாமல் போயிற்று, பின்னால் இருந்த கராஜ் வரிசைகளும் மதிலுக்கு நடுவே போகிற சந்துகளும் யார் கண்ணிலும் படாத இடங்களாக ஆயின. பராமரிக்கப் பணம் இருந்த வரை பரவாயில்லை. ஆலை போய் ஊரில் காசும் போன பிறகு அந்தச் சந்துகள் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பக்கத்தில் சில தொகுப்புகளை 2000களில் இடித்துவிட்டு, தெருவைப் பார்க்கிற வீடாகவே மறுபடி கட்டினார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் கிங்ஸ்வுட் கால வீடுகளுக்கு நான் வக்காலத்து வாங்குவேன். 1961இல் பார்க்கர் மோரிஸ் அறிக்கை என்று ஒன்று வந்தது, ஒரு வீட்டில் இத்தனை பேர் இருந்தால் இத்தனை பரப்பு, சாமான் வைக்க இவ்வளவு இடம், சூடாக்கும் வசதி என்று அளவு வகுத்தது. 1967 முதல் புது நகரங்களில் அது கட்டாயம், 1980இல் எடுத்துவிட்டார்கள். நடுவில் கட்டிய பொது வீடுகளில் அறை அளவைப் பாருங்கள், அப்புறம் இப்போது தனியார் கட்டுகிற மூன்று படுக்கையறை வீட்டைப் பாருங்கள். இரண்டாவதில் மூன்றாவது அறைக்குள் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது.

அப்புறம் 1980 என்ற வருடம். எஃகு நின்ற அதே வருடத்தில் வளர்ச்சிக் கழகத்தைக் கலைத்தார்கள், உள்ளாட்சியான கவுன்சில் வாடகைக்கு விட்ட வீட்டைக் குடியிருப்பவரே தள்ளுபடியில் வாங்கும் உரிமைச் சட்டமும் வந்தது, தள்ளுபடி 33 சதவீதத்தில் தொடங்கி 50 வரை. தெற்குமாடம் சொன்ன அந்த 30 சதவீதம் வேலையில்லாத ஊரில் இதை வைத்துப் பாருங்கள். வாங்க முடிந்தவர்கள் நல்ல தெருவில் நல்ல வீட்டை வாங்கினார்கள், விற்காத வீடுகளும் பழுதான தொகுப்புகளும் கவுன்சில் தலையில் மிஞ்சின. வாங்கியவரும் எங்கேயாவது வேலை தேடிப் போகலாம் என்றால் விற்க வேண்டும், வேலையில்லாத ஊரில் யார் வாங்குவார்? வீடு சொந்தமானது பலருக்குக் காலில் கட்டிய கல்.

ரயில்பைத்தியம் எழுதியது:

மண்ணை அள்ளுகிற பூதம் என்று உலைக்கூடம் ஒரு வரியில் விட்டுவிட்டுப் போனதைத் தாங்க முடியவில்லை.

அதன் பெயர் சன்டியூ. 1957இல் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் பெயரை வைத்தார்கள். ரான்சம்ஸ் அண்ட் ரேப்பியர் கம்பெனி கட்டிய நடக்கும் டிராக்லைன், அதாவது கயிற்றில் தொங்கும் வாளியை இழுத்து மண் அள்ளுகிற இயந்திரம், எடை 1,675 டன், கை நீளம் 86 மீட்டர், ஒரு வாளியில் 27 டன் மண். அப்போது உலகத்திலேயே பெரியது. சக்கரம் கிடையாது, இரண்டு பக்கமும் பெரிய பாதங்கள், அதைத் தூக்கி வைத்து வைத்து நடக்கும். ரட்லண்டில் எக்ஸ்டன் சுரங்கத்தில் வேலை முடிந்ததும் 1974இல் அதைக் கழற்றாமல் கார்பிக்கு நடத்தியே கூட்டி வந்தார்கள். 13 மைல், ஏறக்குறைய இரண்டு மாதம், வழியில் ரோடு, ஆறு, ரயில் பாதை எல்லாவற்றையும் தாண்டி. வந்து ஆறு வருடத்தில் சுரங்கமே மூடியாயிற்று. 1987இல் வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், ஓட்டுநர் அறை மட்டும் காட்ஸ்மோரில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

ரயில் நிலையத்தின் கதை அதைவிட வேடிக்கை. எஃகு ஆலை முழுவேகத்தில் ஓடுகிறபோதே 1966இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். 1987இல் கெட்டரிங் வரை ஒரு சின்ன வண்டி விட்டார்கள், 1990இல் அதுவும் போச்சு. 2009 பிப்ரவரியில்தான் ஒழுங்கான சேவை வந்தது, 2021 முதல் லண்டன் செயின்ட் பாங்க்ரஸுக்கு மின்சார ரயில். அவ்வளவு பெரிய ஊருக்கு நாற்பது வருடத்துக்கு மேல் உருப்படியான ரயில் இல்லை என்பதை வைத்தே ஆலை போன பிறகு அங்கே வேலை வர ஏன் அவ்வளவு தாமதம் என்று புரிந்துகொள்ளலாம்.

குளிர்காற்று எழுதியது:

நான் யாழ்ப்பாணம், கார்பிக்குப் பக்கத்தில் கன காலமாக இருக்கிறேன். புத்தகக் கதை எல்லாம் மேலே வந்துவிட்டது, ஊரில் கேட்டதையும் கொஞ்சம் எழுதுகிறேன்.

பழைய ஆட்கள் முதலில் சொல்வது "கார்பி மெழுகுவர்த்தி" பற்றித்தான். ஆலையில் மிஞ்சுகிற வாயுவை உயரத்தில் வைத்து எரிப்பார்கள், இரவில் அந்த வெளிச்சம் பல மைல் தூரத்துக்குத் தெரியுமாம். ஸ்காட்லாந்துத் திருச்சபைக் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்களின் ஐரன் புரூ சோடா கடையில் எப்போதும் இருக்கும். அவர்கள் மட்டும் வந்த ஊர் என்று நினைக்காதீர்கள், போருக்குப் பிறகு லாத்வியா, உக்ரைன், போலந்து, செர்பியா பக்கத்தில் இருந்து அகதியாக வந்த கனபேர் ஆலையில் சேர்ந்தார்கள். 2004க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பியர்கள் வந்தபோது ஊருக்கு அது முதல் தடவை இல்லை.

ஆலை போன பிறகு 1981இல் அரசாங்கம் இதைத் தொழில் ஊக்க மண்டலம் ஆக்கியது, பத்து வருடத்துக்குக் கட்டட வரி இல்லை, அனுமதிகள் சுலபம். கிடங்குகளும் உணவு ஆலைகளும் வந்தன, இன்றைக்கும் ஊர் அதில்தான் ஓடுகிறது. கோல்டன் வொண்டர் சிப்ஸ் ஆலை கனபேருக்குச் சோறு போட்டது, 2006இல் அந்தக் கம்பெனி நொடித்தது. 1980களில் வொண்டர்வேர்ல்டு என்று மாபெரும் கேளிக்கைப் பூங்கா வரப்போகிறது என்றார்கள், வயலில் பலகை நட்டார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டால் இப்போதும் சிரிப்பார்கள்.

சிரிக்க முடியாத பகுதி ஆலை நின்ற நிலம். நூற்றுக்கணக்கான ஏக்கரைக் கவுன்சில் வாங்கி 1985 முதல் 1990களின் கடைசி வரை துப்புரவு செய்தது. நச்சுச் சேற்றை லாரிகளில் ஏற்றி ஊர் ரோடுகள் வழியாகக் கொண்டுபோனார்கள், மூடாத லாரி, வழியெல்லாம் சிந்தல், காய்ந்ததும் தூசி. காட்மியம், குரோமியம், டயாக்சின் எல்லாம் அதில் இருந்தது. அந்தக் காலத்தில் ஊரில் கையிலும் விரலிலும் குறையோடு சில பிள்ளைகள் பிறந்தார்கள். தாய்மார்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து வழக்குப் போட்டார்கள். 2009 ஜூலையில் உயர் நீதிமன்றம் கவுன்சில் கவனக்குறைவாக நடந்தது என்று தீர்ப்புக் கொடுத்தது, 2010இல் கவுன்சில் மேல்முறையீட்டைக் கைவிட்டு மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டுக்கு உடன்பட்டது. அந்தக் கவுன்சிலே இப்போது இல்லை, 2021இல் வடக்கு நார்தாம்டன்ஷயர் கவுன்சிலில் சேர்த்துவிட்டார்கள். அவசரமாக மூடியதற்கும் அவசரமாகச் சுத்தம் செய்ததற்கும் விலை கொடுத்தவர்கள் ஒரே ஊர்க்காரர்கள். தெற்குமாடம் கேட்ட கேள்விக்கு என் பக்கத்துப் பதில் இதுதான்.

வீடுதேடி எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தரகரின் ஒரு வரிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

குளிர்காற்று அண்ணா, நிலத்து விஷயம் படித்ததும் மனைவி கிங்ஸ்வுட் வேண்டாம் என்கிறார். அது ஆலை நிலத்தில் கட்டியதா? பிரையர்ஸ் ஹால் என்ற புது எஸ்டேட்டையும் காட்டினார்கள், அது எப்படி?

செங்கல்சூளை எழுதியது:

கிங்ஸ்வுட் ஊரின் மேற்கு, தென்மேற்குப் பக்கம், ஆலை இருந்தது கிழக்கில். அந்தப் பயம் அந்த வீட்டுக்குப் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு: சுவர் சாதாரணச் செங்கல்லா, அந்தக் காலத்துக் கான்கிரீட் பலகை முறையா என்று சர்வேயரிடம் எழுத்தில் கேளுங்கள், இரண்டாவது என்றால் சில வங்கிகள் கடன் தரத் தயங்கும். கராஜும் பின்சந்தும் யார் பெயரில் இருக்கின்றன, யார் விளக்குப் போடுகிறார்கள், அந்த முன்புல்வெளி யாருடையது என்பதையும் வக்கீல் பார்க்கட்டும், ராட்பர்ன் வீடுகளில் இதில்தான் பிற்பாடு தகராறு வரும்.

பிரையர்ஸ் ஹால் பழைய தாதுச் சுரங்கப் பகுதி, 5,000 வீடு அளவுக்குத் திட்டம். தோண்டி நிரப்பிய நிலம் என்றால் அடித்தளம் எப்படிப் போட்டார்கள் என்பதே முதல் கேள்வி, கட்டியவரின் உத்தரவாதத்தையும் மண் பரிசோதனை அறிக்கையையும் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பொது இடப் பராமரிப்புக்கு வருடாவருடம் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள், புது எஸ்டேட்களில் இது சகஜம்.

நானாக இருந்தால் அந்த 1930களின் கம்பெனி வீட்டைத்தான் வாங்குவேன். ஈரம் ஏறியிருக்கிறதா, மின்கம்பி மாற்றினார்களா, கூரை எப்படி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலைக்கூடம் எழுதியது:

கம்பெனி வீடு என்றால் ஒரு கூடுதல் தகவல், ஆலை வளாகத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற தெரு எது என்று பழைய வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தோட்டத்து மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பப் பெரிய செலவு ஆகாது, காய்கறி போடப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் செய்யுங்கள்.